எட்டு வால்வும் ஒரு பென்சிலும்

வண்டி விக்கறதுக்கு இல்லைங்க. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, வெயில் வேற. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல எண்ணெய் இருக்கும். இந்த வீட்ல எதுல வேணும்னாலும் எண்ணெய் இருக்கும். இதுல உக்காருங்க, இப்பதான் துடைச்சேன்.

விளம்பரம் எங்க வீட்டுக்காரர் போட்டதுதான். போன்ல போட்டார். போடத் தெரிஞ்சுது, எடுக்கத் தெரியலை. நீங்க ஏழாவது ஆள். ஓடுமான்னுதானே கேக்க வந்தீங்க. நல்லா ஓடும். இப்பகூட ஓடிட்டுதான் இருக்கு. அவரும் அவங்க அக்காவும் முக்கொம்பு வரைக்கும் போயிருக்காங்க. நான் சிலிண்டர்காரருக்காக வீட்ல இருக்கேன். கேஸ் சிலிண்டர். இந்த வீட்ல சிலிண்டர்னா எந்தச் சிலிண்டர்னு சொல்லணும்.

ஏன் விக்கப் பார்த்தார், ஏன் விக்கலைன்னா அது பெரிய கதை. காபி வெச்சிருக்கேன், அது இறங்கறதுக்குள்ள சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், முழுத் தப்பும் என் மேல கிடையாது. முக்கால்வாசி அண்ணி மேல.

அண்ணின்னா அவரோட அக்கா, அபிராமவல்லி. எனக்கு நாத்தனார். துறையூர்ல மகன் வீட்ல இருந்தாங்க. நான் டிராயிங் டீச்சர், பேர் மங்களேஸ்வரி. இங்க உறையூர்லயே ஒரு பெண்கள் ஸ்கூல்ல முப்பத்தோரு வருஷம். அவர் பேர் தியாகேசன், பத்திர ஆபீஸ்ல ஹெட் கிளார்க். ரிடையர் ஆனா மத்த ஆம்பளைங்க கோயிலுக்குப் போவாங்க, இல்ல ஷுகர் வந்து வாக்கிங் போவாங்க. இவர் நாப்பத்தஞ்சு வருஷத்துப் பழைய பச்சைக் காரை வாங்கிட்டு வந்து, கூடவே அதை ரிப்பேர் பண்ற புத்தகம் ஒண்ணும் வாங்கிட்டு வந்தார். ஒரு மெக்கானிக்கைக் கிட்டவே விடமாட்டார். வில்லங்கம் பார்க்கற மாதிரி எல்லாத்தையும் தானே பார்க்கணும்.

பார்க்கட்டும், எனக்கென்ன. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்த வண்டியை எடுத்துட்டுத் துறையூர் போய் அண்ணியைக் கூட்டிட்டு வந்துடுவார். சனிக்கிழமை மத்தியானம் வந்தாங்கன்னா திங்கட்கிழமை காலையில வரைக்கும் எனக்குப் பரீட்சை. "மங்களம், உப்பு போட மறந்துட்டியா, இல்ல வீட்ல தீந்துடுச்சா?" ஹால்ல மாட்டியிருக்கு பாருங்க, காவிரிப் பாலம், நான் வரைஞ்சது. "இது என்ன, ஏணியா?"ன்னு கேட்டாங்க. ஒரு தடவை கேட்டா பரவாயில்லை. பதினாலு வருஷமா கேக்கறாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் அவர் ஷெட்ல ஏதோ ஒரு மூடியைக் கழட்டித் துடைச்சிட்டிருந்தார். கறுப்பு மூடி, டம்ளர் கவுத்த மாதிரி, மேல ஒயரெல்லாம் போகுது. நான் டீ கொண்டுபோனேன். கேக்காமலே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டார். "மங்களம், இதுதான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கரண்ட் நடுவுல வரும். உள்ள சுத்தற ஒரு கை அதை வாங்கி இந்த நாலு முளைக்கும் வரிசையாப் பிரிச்சுக் கொடுக்கும். நாலு சிலிண்டருக்கும் அது அது முறை வரும்போது பொறி போகணும். இந்த முளைக்கும் அந்த முளைக்கும் நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கரிக்கோடு விழுந்தாப் போதும். கரண்ட் அது வழியா ஓடித் தப்பான சிலிண்டருக்குப் போயிடும். வண்டி படுத்துடும்."

கரிக்கோடு. முப்பத்தோரு வருஷம் டிராயிங் டீச்சரா இருந்தவகிட்டப் போய் அதைச் சொல்றார். பாவம்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கும்போது பென்சில் டப்பாவை எடுத்தேன். சிக்ஸ் பி. அதுல பாதிக்கு மேல கரிதான், நிழல் தீட்டறதுக்கு வெச்சிருப்போம். மூடிக்கு ரெண்டு பக்கமும் கிளிப்புதான், சுலபமா வந்துடுச்சு. உள்ள ஒரு முளையில இருந்து அடுத்த முளைக்கு ஒரே இழுப்பு. கறுப்பு மேல கறுப்பு, சாய்ச்சுப் பார்த்தாத்தான் லேசா மின்னும். என் சர்வீஸ்லயே அப்படி ஒரு கோடு நான் போட்டதில்லை.

சனிக்கிழமை காலையில வண்டி கிளம்பிச்சு, கிளம்பின உடனே ஆட்டுக்குத் தும்மல் வந்த மாதிரி குலுங்கிச்சு. பின்னாடி குழாய்ல டமால்னு ஒரு சத்தம். எதிர் வீட்டு ரொசாரியோ சார் பேப்பரோட எழுந்து உள்ள போயிட்டார். சரி, மனுஷன் வருத்தப்படுவார்னு பார்க்கறேன், அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு பனியனோட இறங்கிட்டார். அக்காவுக்குப் போன் பண்ணி, "வண்டிக்கு உடம்பு சரியில்லைக்கா, இந்த வாரம் வரமுடியாது" அப்படின்னார். நான் அன்னைக்கு ரசத்துல எனக்குப் பிடிச்ச மாதிரி உப்பு போட்டேன்.

அந்த வாரம் முழுக்க அவர் பார்க்காத இடம் இல்லை. நாலு பிளக்கையும் கழட்டி இரும்பு பிரஷ் போட்டுத் தேய்ச்சார். பாயின்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு உதடு மாதிரி, திறந்து திறந்து மூடும். அதை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, இடைவெளிக்கு பிளேடு மாதிரி ஒரு தகட்டைச் சொருகிப் பார்த்தார். கண்டென்சரை மாத்தினார். அந்த மூடியை மட்டும் எடுத்து, போன வாரம்தானே துடைச்சோம்னு திரும்ப வெச்சுட்டார். நான் ஜன்னல்ல இருந்து பார்த்துட்டேதான் இருந்தேன்.

அப்புறம் ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் கட்டைவிரலை வெச்சுக்கிட்டு என்னைச் சாவியைத் திருகச் சொன்னார். மூணு ஓட்டை விரலைத் தள்ளிவிட்டுச்சாம். ஒண்ணு மட்டும் ஊதிட்டு விட்டுடுச்சாம். "வால்வு"ன்னார். நாதஸ்வரக்காரர் மேளக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவார் பாருங்க, அப்படி ஒரு தலையாட்டல். "வால்வு மங்களம். காத்து ஒழுகுது. தலையைப் பிரிக்கணும்."

யார் தலையைன்னு கேட்டேன். எஞ்சின் தலையாம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஆட்டோ. அண்ணி இறங்கறாங்க. எப்பவும் ஒரு பை வரும், அன்னைக்கு மூணு பை. பெரியாஸ்பத்திரிக்கு வந்த மாதிரி ஆப்பிள் வேற. "வண்டிக்கு உடம்பு சரியில்லைன்னான். பார்த்துட்டுப் போலாம்னு பஸ்ல வந்தேன்." எப்ப கிளம்பறீங்கன்னு மரியாதையாத்தான் கேட்டேன். "முட்டி வலிக்குதும்மா, இனிமே பஸ் ஏறமுடியாது. தியாகு வண்டியைச் சரி பண்ணினதும் கொண்டுவந்து விட்டுடுவான்." வரும்போது பஸ் ஏறின முட்டி, போகும்போது ஏறாதாம்.

இனிமே வண்டி ஓடியே ஆகணும். ரப்பரை எடுத்துக்கிட்டு நேரா ஷெட்டுக்குப் போனேன். மூடியைத் தேடி எடுத்து என் கோட்டைச் சுத்தமா அழிச்சேன். நிமிந்து பார்த்தா, எஞ்சின் பாதிதான் இருக்கு. தலையை ஏற்கெனவே கழட்டியாச்சு. அது என் சாப்பாட்டு மேஜை மேல, பழைய பேப்பர் போட்டு, கவுந்து கிடக்கு.

அதுக்கப்புறம் எங்க வீட்டை நீங்க பார்த்திருக்கணும். வால்வுன்னா பெரிய காளான் மாதிரி இருக்கும், நீளக் காம்பு, தட்டைத் தலை. எட்டு. எது எங்க இருந்துச்சோ அங்கதான் திரும்பப் போகணுமாம், மாறக்கூடாதாம். அதுக்கு அவர் எடுத்தது என் இட்லித் தட்டு. குழிக்கு ஒண்ணா, வரிசையா. அன்னையில இருந்து மூணு வாரம் எங்க வீட்ல தோசைதான். வால்வைப் பிடிச்சிருக்கற ஸ்பிரிங்கை அமுக்கும்போது நகத்துல பாதி இருக்கற ஒரு துண்டு தெறிச்சு எங்கயோ போச்சு. மூணு பேரும் தரையில தவழ்ந்து தேடினோம். அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க, பிரிட்ஜுக்குப் பின்னாடி. அந்த முட்டியோட எப்படித் தவழ்ந்தாங்கன்னு நான் கேக்கலை.

ஒரு வால்வோட ஓரம் நிஜமாவே கருகிப் போயிருந்துச்சு. எலி கடிச்ச மாதிரி ஒரு பள்ளம். "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ன்னு அதைத் தெருவெல்லாம் காட்டிட்டு வந்தார். அதையும் யோசிச்சுப் பாருங்க. நான் மட்டும் அந்தக் கோட்டைப் போடலைன்னா அந்தப் பள்ளம் யாருக்குத் தெரிஞ்சிருக்கும். நடு ரோட்ல எங்கயாவது நின்னிருப்பாங்க. அதுக்கு எனக்கு யாரும் நன்றி சொல்லலை. சொல்லவும் முடியாது, அது வேற விஷயம்.

அந்த ஒண்ணு மட்டும் புதுசு வாங்கினார். அதையும் சேர்த்து எட்டையும் தேய்க்கணும். ஒரு குச்சி, நுனியில ரப்பர் கிண்ணம், அது வால்வோட தலையைக் கவ்விக்கும். ஓரத்துல மாவு மாதிரி ஒரு பசையைத் தடவி, வால்வை அது உக்கார்ற இடத்துல வெச்சு, குச்சியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல உருட்டணும். இப்படியும் அப்படியும். இவர் பத்து நிமிஷம் உருட்டினார், தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. அண்ணி, "தள்ளுடா, மோர் கடையத் தெரியாதவனே"ன்னு குச்சியை வாங்கினாங்க. அப்படி உருட்டினாங்க பாருங்க, ஒரே சீரா, சர் சர்னு. அரை மணி நேரத்துல வால்வோட ஓரத்துல சாம்பல் நிறத்துல ஒரு வளையம் வந்துடுச்சு. நல்ல வளையம். காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி. டிராயிங் டீச்சரா சொல்றேன், குறை சொல்ல ஒண்ணும் இல்லை.

சரியா உக்காந்திருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்காம், புத்தகத்துல போட்டிருக்காம். வால்வோட ஓரத்துல பென்சிலால குறுக்குக் குறுக்கா சின்னச் சின்னக் கோடு போடணும். அப்புறம் உள்ள வெச்சு ஒரு தடவை திருப்பணும். எல்லாக் கோடும் அறுந்திருந்தா சரியா உக்காந்திருக்குன்னு அர்த்தம். "மங்களம், உன் பென்சிலை எடுத்துட்டு வா"ன்னு கூப்பிட்டார். எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போயிடுச்சு. அப்புறம் விஷயம் புரிஞ்சு போய் உக்காந்தேன். அண்ணி தேய்க்கறாங்க, நான் கோடு போடறேன், அவர் திருப்பிப் பார்க்கறார். எட்டு வால்வுக்கு ஆறு நாள் ஆச்சு.

அந்த ஆறு நாள் அண்ணியோட பக்கத்துல உக்காரவேண்டியதாப் போச்சு, வேற வழியில்லை. பேசிட்டே தேய்ப்பாங்க. துறையூர்ல அவங்க கட்டிலை ஹால்ல பிரிட்ஜுக்குப் பக்கத்துல போட்டிருக்காங்களாம். "பிரிட்ஜ் ஓடும்போது துணைக்கு யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும் மங்களம். நின்னுடுச்சுன்னா முழிப்பு வந்துடும்." மகன் ஏழு மணிக்குப் போனா சாயந்திரம் வந்து, "சாப்பிட்டியா"ன்னு கேப்பானாம். பதிலைக் கேக்கறதுக்குள்ள செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிடுவானாம். இதையெல்லாம் சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. நான் ஒண்ணும் உருகிடலை. என்னை உருக்கறதுக்குத்தான் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். சாயந்திரம் அவங்களுக்கு மட்டும் உளுந்து வடை போட்டேன், அது மாவு மிச்சம் இருந்ததால.

தலையை மாட்டினார். வால்வுக்கு மேல ஒரு கை தட்டும் பாருங்க, டேப்பெட்டு, அதுக்கும் தகடு சொருகி இடைவெளி பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் ஸ்டார்ட் பண்ணினார். சத்தமே இல்லை. பானெட் மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சுக் காட்டினார், தண்ணி அசையலை. அண்ணி டம்ளரை எடுத்துக் குடிச்சுட்டு, "அப்ப திங்கட்கிழமை காலையில கிளம்பிடறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்துல பொடி, வடகம், மாவடு எல்லாம் எடுத்துக் கட்டினேன். நாலாவது பை ஒண்ணு தேவைப்பட்டுச்சு.

திங்கட்கிழமை காலையில சாவியைத் திருப்பினார். தும்மல். குலுங்கல். டமால்.

சத்தியமா நான் இல்லைங்க.

அவர் இந்தத் தடவை சட்டையைக் கழட்டலை. அப்படியே வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தார். அப்புறம் இறங்கி வந்து படியில உக்காந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலை மங்களம். படிச்சுப் படிச்சுச் செஞ்சேன். எனக்கு வராது போலிருக்கு. வித்துடலாம்" அப்படின்னார். போனை எடுத்து அந்த விளம்பரத்தைப் போட்டார். சாப்பிடலை. போய்ச் சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டார். முப்பத்தாறு வருஷத்துல அவர் சாப்பிடாமப் படுத்து நான் பார்த்ததில்லை. அவங்க அப்பா செத்த அன்னைக்கே மூணு இட்லி சாப்பிட்டவர்.

எனக்கு ஒரு சந்தேகம். ஷெட்டுக்குப் போய் மூடியைக் கழட்டினேன். உள்ள பார்த்தா, கோடு. என் கோடு இல்லை. என் கோடு அப்படித் தடிச்சு நடுங்காது. அதுவும் ஒரு கோடு இல்லை. நாலு முளையையும் நாலு புள்ளின்னு நினைச்சு, சுத்தி வளைச்சு, நடுவுல ஒரு தாமரை மாதிரி, கோலமே போட்டு வெச்சிருக்கு.

உள்ள போனேன். அண்ணி டிவி முன்னாடி கீரை ஆஞ்சுட்டிருந்தாங்க.

"கோலம் நல்லா இருக்கு அண்ணி"ன்னேன்.

அவங்க கீரையை விட்டுக் கண்ணெடுக்கலை. "நீ போட்டது ஒத்தைக் கோடுதானே. அதுக்கே ஒரு வாரம் படுத்துடுச்சு. நான் ஒரு மாசத்துக்குப் படுக்கட்டும்னு பார்த்தேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்த அன்னைக்கே ரப்பரை எடுத்துட்டு ஷெட்டுக்கு ஓடினே. கார்ல எதைப் போய் அழிக்கப் போறான்னு பின்னாடியே வந்து பார்த்தேன். எதுக்குன்னு புரியலை. அப்புறம் தியாகு எனக்கும் அந்தக் கரிக்கோட்டுப் பாடம் எடுத்தான். புரிஞ்சுது."

"என்னைக் கேக்கலையே."

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா தியாகு எழுந்து வருவான். எதுக்கு." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு, "அவன் சாப்பிடாமப் படுப்பான்னு நான் நினைக்கலை மங்களம். அவன்கிட்ட என் கோலத்தை மட்டும் சொல்லு, உன் கோட்டைச் சொல்லாதே. நான் பஸ்ல போயிடறேன்" அப்படின்னாங்க.

பாருங்க, அங்கயும் நல்ல பேர் அவங்களுக்கே போகணும். நான் விடுவேனா. "எழுந்திருங்க"ன்னு சொல்லி, ரப்பர் ஒண்ணு அவங்க கையில, ஈரத்துணி ஒண்ணு என் கையில, ரெண்டு பேரும் ஷெட்டுக்குப் போனோம். அழிச்சுத் துடைச்சு மூடியை மாட்டிட்டு அவரை எழுப்பினேன். இன்னும் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கன்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். ஸ்டார்ட் ஆச்சு. பால் பொங்கற மாதிரி.

அவர் எஞ்சினைப் பார்த்தார். எங்க ரெண்டு பேரையும் பார்த்தார். அண்ணி கையில ரப்பர் இருக்கு, மறைக்கத் தெரியலை அவங்களுக்கு.

"மூடியைத் தொட்டீங்களா?"

"தூசி தட்டினோம்"னேன்.

"தூசியா"ன்னார். அப்புறம் கை கழுவிட்டு வந்து நாலு தோசை சாப்பிட்டார். சாயந்திரம் என் சிக்ஸ் பி பென்சிலைக் கொண்டுவந்து டப்பாவுல போட்டார். ஷெட்ல கிடந்துச்சாம். நல்லா சீவி வேற கொடுத்தார். வால்வுக்குக் கோடு போட்டப்ப விட்டிருப்பேன். மனுஷனுக்கு எதுவும் சந்தேகம் வராது, அந்தக் குணம் நல்ல குணம்.

மறுநாள் அண்ணி பையை எடுத்தாங்க. அவர் புதுசா ஒரு சட்டம் சொன்னார். தலையைப் பிரிச்சு மாட்டின எஞ்சின் ஐநூறு கிலோமீட்டர் உள்ளூர்லயே மெதுவா ஓடணுமாம். அப்புறம் டேப்பெட்டைத் திரும்பப் பார்த்துட்டுத்தான் வெளியூர் எடுக்கணுமாம். அதுவரைக்கும் அக்கா இங்கதான். புத்தகத்துல இருக்காம். நானும் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன், எனக்குக் கிடைக்கலை. தினம் மார்க்கெட், மலைக்கோட்டை, முக்கொம்புன்னு ஓட்ட ஆரம்பிச்சார்.

போன மாசம் அண்ணியோட மகன் பைக்ல வந்தான். அவன் பெண்டாட்டிக்கு வேலை கிடைச்சிருக்காம், குழந்தையைப் பார்த்துக்க அம்மா வேணுமாம். அண்ணி உள்ள போய் புடவை மடிக்க ஆரம்பிச்சாங்க. இவர்தான், "வண்டி இன்னும் ஐநூறு ஓடலைடா. ஓடினதும் நானே கொண்டுவந்து விடறேன்"னார். அவன் டாக்ஸி வெச்சுக்கறேன்னான். இவருக்கு வந்துச்சே கோபம். "நான் வண்டி வெச்சிருக்கேன், என் அக்கா வாடகை வண்டியில போறதா?" தலையை மாட்டின அன்னைக்கு இவர் சைபர்ல வெச்ச மீட்டரை அவன் போய்ப் பார்த்தான். நானூத்தி எண்பது. "இன்னும் இருபதுதானே மாமா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். குழந்தையை இப்ப பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கறாங்களாம். நல்லாத்தான் இருக்கானாம்.

இதோ காபி, ஆறிடப் போகுது.

என்ன கேட்டீங்க? ஆமா, அப்பவே நானூத்தி எண்பது. இப்பவும் நானூத்தி எண்பதுதான். ஷெட்டுச் சுவத்துல ஒரு கேபிள் ஆணியில தொங்குதே, மீட்டருக்குப் போற கேபிள் அதுதான். ரெண்டு மாசமாத் தொங்குது. எப்படியோ கழண்டிருக்கு. இது என்னங்கன்னு கேட்டேன், "அதுவா, பழசு"ங்கறார். எட்டு வால்வைப் பிரிச்சு மாட்டின மனுஷன், தினமும் அதுக்கு முன்னாடி உக்காந்துதான் ஓட்டறார், முள் அசையலைங்கறது கூடத் தெரியலை. அவ்வளவுதான் அவர் விவரம்.

அந்தா, ஹார்ன் கேக்குது பாருங்க, வந்துட்டாங்க. நீங்க இருந்து வண்டியைத் தாராளமாப் பாருங்க. ஓட்டிக்கூடப் பாருங்க, சந்தோஷப்படுவார். மீட்டரைப் பத்தி மட்டும் அவர்கிட்ட வாயைத் திறக்காதீங்க. ஒண்ணு கழண்டு கிடக்குன்னு தெரிஞ்சா அவருக்குத் தாங்காது, அந்த நிமிஷமே எடுத்து மாட்டிடுவார்.